மண்ணைத் தொட்டா படிப்பு கெட்டுப்போகுமா?



நேரடியாகவே ஒரு கேள்வி கேட்கிறோம். உங்க மகனையோ மகளையோ கடைசியா எப்போ வயலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க? சாப்பாட்டுத் தூக்கு கொண்டாறதுக்கு இல்ல. மடையைத் திருப்பவும், நாத்து பறிக்கவும், பூச்சி பார்க்கவும், கணக்கு எழுதவும்! பதில் சொல்லக் கொஞ்சம் தயக்கமாத்தான் இருக்கும். "நான்தான் சேத்துல கெடந்து சாகுறேன், எம்புள்ளையாவது நெழல்ல உக்காந்து சம்பாதிக்கட்டும்" என்று சொல்லாத விவசாயி எந்த ஊரில் இருக்கிறார்?

அப்படிச் சொல்பவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. விளைவித்த பொருளுக்கு விலை கிடைக்காதவன் வாயில் வேறு என்ன வார்த்தை வரும்? 2003-ல் மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நாடு முழுக்க விவசாயக் குடும்பங்களிடம் கேட்டது. வேறு வழி இருந்தால் இந்தத் தொழிலை விட்டுவிடுவோம் என்று நூற்றுக்குச் சுமார் 40 பேர் சொன்னார்கள். சொன்னபடியே விடவும் செய்தார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ சாகுபடி செய்தவர்கள் சுமார் 51 லட்சம் பேர். 2011-ல் 42 லட்சம் சொச்சம்! அதே பத்து வருஷத்தில் விவசாயக் கூலிகள் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகப் பெருகினார்கள். போனவன் எல்லாம் நிழலுக்குப் போகவில்லை. பாதிப் பேர் பக்கத்து வயல் வரப்பில் கூலிக்கு நிற்கிறான். மீதிப் பேர் நூல் மில்லிலும் கட்டட வேலையிலும் ஓட்டல் சமையலறையிலும் நிற்கிறான். அங்கேயும் வெயில்தான், புழுக்கம்தான்!

இதே நேரத்தில் பட்டணத்தில் நடப்பதைப் பாருங்கள். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளிக்கூடங்கள் மொட்டைமாடியில் கத்தரிச் செடி வைத்து, "எங்கள் பள்ளியில் இயற்கைத் தோட்டம் உண்டு" என்று விளம்பரத்தில் போடுகின்றன. பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி, நாற்று நடுவது எப்படி என்று காட்டக் கிராமத்துக்குக் கூட்டி வருகிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம்! 2013-க்குப் பிறகு சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கு மானிய விலையில் பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் அரசே கொடுத்தது. நல்ல காரியம், கொடுக்கட்டும். ஆனால் அரை ஏக்கர் காலி இடமும் ஒரு கிணறும் இருக்கிற நம்ம ஊர் அரசுப் பள்ளியில் ஒரு வெண்டைச் செடி உண்டா? சீமைக்கருவேல் முளைத்து நிற்கிறது! மண்ணைத் தொட்டால் பிள்ளைக்கு அறிவு வளரும் என்று பட்டணத்தான் காசு கொடுத்துக் கற்றுக் கொடுக்கிறான். மண்ணைத் தொட்டால் படிப்பு கெடும் என்று மண்ணோடு இருக்கிற நாம் நம்புகிறோம்.

தமிழ்நாட்டில் மேல்நிலைப் படிப்பு வந்தபோதே, 1978-லேயே, தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்து வந்தது. அதில் வேளாண்மை ஒரு பாடம். அந்தப் பாடம் படித்து, பாங்க் கடன் வாங்கி, நர்சரி போட்டுப் பிழைத்தவர்கள் உண்டு. வேளாண் கல்லூரியில் அவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. இன்றைக்கு நிலைமை என்ன? விவசாய ஆசிரியர் ஓய்வு பெற்றால் பல பள்ளிகளில் அந்த நாற்காலி அப்படியே காலியாகக் கிடக்கிறது. ஆசிரியர் இல்லையென்று மாணவர் சேருவதில்லை. மாணவர் இல்லையென்று பிரிவையே மூடுகிறார்கள். முதலில் தண்ணீரை நிறுத்து, அப்புறம் பயிர் வாடிவிட்டது என்று உழுது தள்ளு! இந்த வித்தை நமக்குத் தெரியாதா?

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். அதை மூடி மறைக்க நாங்கள் தயாரில்லை. "பள்ளிக்கூடத்தில் மண்வெட்டியைக் கொடுக்கச் சொல்றீங்களே, மறுபடியும் குலக்கல்வியா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். செருப்புத் தைப்பவர் மகன் செருப்பே தைக்கட்டும், பண்ணையாள் மகன் பண்ணையிலேயே கிடக்கட்டும் என்பதுதான் அதன் பலன் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்ததும் அந்தத் திட்டம் ஒழிந்தது. ஒழிந்தது நல்லதே. இன்றைக்கு எவன் அதைத் திரும்பக் கொண்டு வந்தாலும் முதல் ஆளாக மறியலுக்கு வருவோம்!

நாங்கள் கேட்பது அதற்கு நேர் எதிர். விவசாயி மகன் மட்டும் மண்ணைக் கிண்டட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. தாசில்தார் மகனும் கிண்டட்டும், வாத்தியார் மகளும் கிண்டட்டும், மளிகைக்கடைக்காரர் மகனும் வந்து களை எடுக்கட்டும். வகுப்பைக் குறைத்து அல்ல, வகுப்பாகவே! அப்பனிடம் அல்ல, சம்பளம் வாங்கும் ஆசிரியரிடம்! 1937-ல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியைப் பேசியபோது, கைவேலை வழியாகவே கணக்கும் அறிவியலும் கற்க வேண்டும் என்றுதான் சொன்னார். பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றே பள்ளிச் செலவைச் சமாளிக்கலாம் என்றும் சொன்னார். அதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. பிள்ளை உழைப்பில் பள்ளிக்கூடம் நடக்கக் கூடாது. அது அரசாங்கத்தின் கடமை. ஆனால் முதல் பாதி சரி என்பதை எந்த விவசாயியும் ஒத்துக்கொள்வார்.

எப்படி என்று கேளுங்கள். திருந்திய நெல் சாகுபடியில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து. ஒரு சதுர மீட்டருக்கு 16 குத்து. ஏக்கருக்கு எத்தனை? எட்டாம் வகுப்புப் பிள்ளை கயிற்றையும் அளவுகோலையும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஏறத்தாழ 65 ஆயிரம் வரும். குத்துக்கு ஒரு நாற்று என்றால் விதை நெல் ஏக்கருக்கு 3 கிலோ போதும் என்பது அப்போது தானாகப் புரியும். 30 கிலோ தெளித்துப் பழகிய நமக்கு அது புரிய எத்தனை வருஷம் ஆச்சு! அதிகாரி வந்து சொன்னபோது சிரித்தோம்.

விதைக்கு முன்னால் முளைப்புத் திறன் பார்ப்பது என்ன பெரிய வித்தை? ஈரச் சாக்கில் நூறு விதையை வைத்துக் கட்டி, முளைத்ததை எண்ணினால் போதும். சான்று நெல் விதை என்றால் நூற்றுக்கு 80 முளைக்க வேண்டும். இதைப் பள்ளியில் செய்து பார்த்த பிள்ளை, கடைக்காரன் கொடுக்கும் பையை அப்படியே வாங்கி வயலில் கொட்ட அப்பனை விடாது. "இருப்பா, நூறு விதைய எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லும். முளைக்காத விதைக்கு அலைந்து திரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உர மூட்டையை எடுங்கள். 50 கிலோவாக இருந்த யூரியா மூட்டை 2018-ல் 45 கிலோ ஆனது. எத்தனை பேர் கவனித்தோம்? யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம் என்பதால் 45 கிலோ மூட்டையில் இருப்பது 20 கிலோ 700 கிராம். வேளாண்துறை ஏக்கருக்கு இவ்வளவு தழைச்சத்து என்று சிபாரிசு செய்தால் எத்தனை மூட்டை என்பது சதவீதக் கணக்கு. பாடப்புத்தகத்தில் இதே கணக்கு "ராமு 45 பென்சில் வாங்கினான்" என்று வருகிறது. மனசில் ஒட்டுமா?

பூச்சிமருந்து டப்பாவில் ஒரு சின்ன வைரக் கட்டம் இருக்கும். சிவப்பு என்றால் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. இதைப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் ஒன்று இருந்தால், வெறும் உடம்போடு, காற்றுக்கு எதிராக நின்று அப்பன் மருந்தடிப்பதைத் தடுக்கும். 2017-ல் மகாராஷ்டிராவில் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலிகளும் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அதே வருஷம் நம்ம பெரம்பலூர்ப் பக்கமும் உயிர்கள் போயின. அந்தச் சாவுக்குக் கம்பெனிக்காரனும் கடைக்காரனும் அரசாங்கமும் பொறுப்பு. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் டப்பாவைப் படிக்கக் கற்றுத்தர ஒரு ஆசிரியரைப் போடவும் முடியாதா?

எல்லாப் பூச்சியும் எதிரி இல்லை என்பதும் தோட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளியில் ஒரு மாவுப்பூச்சி வந்தது, ஞாபகம் இருக்கா? மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையடித்த மாதிரி ஆக்கியது. என்ன மருந்தடித்தும் நிற்கவில்லை. 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பொடிக் குளவியை விட்டார்கள். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைத்து அடக்கிக் காட்டியது. கைக்கண்ணாடி வைத்து இலையைத் திருப்பிப் பார்த்துப் பழகிய பிள்ளை குளவியையும் மாவுப்பூச்சியையும் பிரித்துச் சொல்லும். பழகாதவன் இரண்டையும் சேர்த்து மருந்தடித்துக் கொல்வான்.

நெல்லைக் கொண்டுபோய்க் கொள்முதல் நிலையத்தில் கொட்டினால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று தள்ளுகிறார்களே, அந்த மீட்டரில் என்ன எண் ஓடுகிறது என்று எட்டிப் பார்த்துக் கேட்கிற தைரியம் யாருக்கு வரும்? மீட்டரைக் கையில் வைத்துப் பழகியவனுக்கு வரும். தராசு, எடைமேடை, கமிஷன் சீட்டு எல்லாம் அப்படித்தான். பள்ளித் தோட்டத்துக் கத்தரிக்காயை உழவர் சந்தையில் வைத்து விற்ற பிள்ளைக்கு, வயலில் என்ன விலை, சந்தையில் என்ன விலை, நடுவில் போனது யார் பையில் என்று கணக்கு தெரிந்துவிடும். இந்தக் கல்வியைக் கண்டு யாருக்குப் பயம் என்று யோசிச்சுப் பாருங்க.

பிள்ளைகள் கற்றால் அப்பன் திருந்துவான் என்பது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1902-ல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் ஒரு பள்ளி அதிகாரி கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து மக்காச்சோளம், தோட்டம் என்று மன்றம் தொடங்கினார். அங்கேயும் பெரியவர்கள் புது விதை, புது முறை என்றால் தலையை ஆட்டிவிட்டுப் பழையபடியே செய்தார்கள். பையன்கள் சின்னப் பாத்தியில் புது விதையைப் போட்டுக் கூடுதலாக எடுத்துக் காட்டியதும்தான் அப்பன்மார் வாய் அடைத்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைக்குப் பல நாடுகளில் இருக்கும் நான்கு 'எச்' இளைஞர் மன்றங்கள். அமெரிக்காக்காரன் செய்வதெல்லாம் நமக்கு ஆகாது என்றாலும் இது ஆகும்!

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சத்துணவில் போடும் கீரையைத் தட்டின் ஓரம் ஒதுக்கும் பிள்ளை, தான் தண்ணி ஊத்தி வளர்த்த முருங்கையில் பறித்த கீரை என்றால் ஒரு பிடி கூடக் கேட்கும். பள்ளித் தோட்டம் போட்ட பல நாடுகளில் இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 2019-ல் மத்திய அரசே பள்ளிகளில் சத்துணவுத் தோட்டம் போட வழிகாட்டுதல் அனுப்பியது. காகிதம் வந்தது. வேலி? தண்ணீர்த் தொட்டி? ஞாயிற்றுக்கிழமையும் கோடை விடுமுறையிலும் செடிக்குத் தண்ணி ஊற்றும் ஆளுக்குச் சம்பளம்? மே மாதம் காய்ந்து போகும் தோட்டத்தை ஜூனில் யார் திரும்பப் போடுவது? இதையெல்லாம் யோசிக்காமல் போடும் திட்டம் போட்டோ எடுக்கத்தான் ஆகும்.

போட்டோ என்றதும் இளைஞர் பயிற்சித் திட்டங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. கிராமப்புற இளைஞர்களுக்கு ஏழு நாள் பயிற்சி! காளான், தேனீ, மண்புழு உரம், நாட்டுக்கோழி. ஏழாம் நாள் சான்றிதழ், பேனர், டீ, வடை. எட்டாம் நாள்? பையன் சான்றிதழை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு மில் வேனில் ஏறுகிறான். படித்த இளைஞர்களை விவசாயத்தில் ஈர்த்து நிறுத்த வழி சொல்லுங்கள் என்று 2004-ல் அமைத்த சுவாமிநாதன் கமிஷனிடமே அரசாங்கம் கேட்டது. கமிஷனும் 2006-க்குள் ஐந்து அறிக்கை கொடுத்தது. 2015-ல் இளைஞர்களை ஈர்க்க என்றே வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியாக இன்னொரு திட்டம் தொடங்கினார்கள். பயிற்சி கொடுப்பவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. 1974-ல் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தொடங்கியதே நம்ம பக்கத்தில், புதுச்சேரியில்தான். அங்கெல்லாம் அக்கறையோடு சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். கற்றவன் எதில் விதைப்பான்? அதுதான் எங்கள் கேள்வி.

பட்டா தாத்தா பேரில். தாத்தா செத்து இருபது வருஷம். பாகம் பிரிக்கவில்லை. 22 வயசுப் பையனுக்குக் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கிடையாது, சொட்டுநீர் மானியம் கிடையாது. 2019-ல் வந்த ஆறாயிரம் ரூபாய் உதவித் தொகையும் அந்த வருஷம் பிப்ரவரி 1-ல் நிலம் யார் பேரில் இருந்தது என்று பார்த்துத்தான்! குத்தகைக்கு உழுகிறவன் கதை அதைவிட மோசம். பெண் பிள்ளைக்கோ, 1989-லேயே தமிழ்நாட்டில் சொத்தில் சம பங்கு என்று சட்டம் போட்டாயிற்று. எந்த வீட்டில் மகள் பேரில் பட்டா மாறியிருக்கிறது? களை எடுப்பது அவள், நாற்று நடுவது அவள், பயிற்சிக்கும் அவளே போகிறாள், அடங்கலில் பேர் மட்டும் அவளுடையது இல்லை.

வேளாண் கல்லூரிப் பிள்ளைகள் இறுதியாண்டில் நம்ம ஊரில் வந்து தங்குகிறார்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுகிறார்கள், அசோலா காட்டுகிறார்கள், தென்னைக்கு வேர் வழி மருந்து கட்டிக் காட்டுகிறார்கள். நல்ல பிள்ளைகள். நம்ம வயல்தான் அவர்களுக்குச் சோதனைக்கூடம், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. அதே வயலில் பிறந்து பத்தாம் வகுப்போடு நின்ற நம்ம பையன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறான். அந்தக் கல்லூரி மாணவி ஒருத்தரோடு நம்ம ஊர் இளைஞர் ஒருத்தரைச் சேர்த்துவிட்டால், உதவித் தொகையும் சான்றும் இருவருக்கும் கொடுத்தால், அவர்கள் போன பின்னும் அந்த அறிவு ஊரில் தங்கும். இதற்குக் கோடிக்கணக்கில் செலவா ஆகப்போகிறது?

நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சி வேறு, பிள்ளையை வேலை வாங்குவது வேறு! கலப்பினப் பருத்தி விதைக்குப் பூ ஒட்ட, சின்னக் கை வேண்டும் என்று சேலம், தருமபுரிப் பக்கம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்டு போன காலம் நமக்குத் தெரியும். விடியலில் போய் இருட்டும்போது திரும்பிய அந்தப் பிள்ளை என்ன கற்றது? பள்ளித் தோட்டம் என்ற பேரில் தலைமை ஆசிரியர் வீட்டுக்குக் காய் போகுமென்றால், விளையாட்டு நேரத்தைப் பிடுங்கித் தண்ணீர் சுமக்க விடுவார்கள் என்றால், ஒரே சாதிப் பிள்ளைகளைச் சாணி அள்ளவும் மற்ற பிள்ளைகளைப் பூப்பறிக்கவும் விடுவார்கள் என்றால், அந்தத் தோட்டத்தை மூடச் சொல்லி நாங்களே மனுக் கொடுப்போம். மருந்து தெளிப்பான் எந்தக் காரணத்துக்காகவும் பள்ளிப் பிள்ளை தோளில் ஏறக் கூடாது.

"எல்லாம் சரி, கற்றுக்கிட்டு எம்பையன் விவசாயத்துக்கே வந்து மாட்டிக்கணுமா?" என்று கேட்பீர்கள். வர வேண்டாம்! டாக்டராகட்டும், பாங்க் அதிகாரி ஆகட்டும். வெங்காயம் வளர்த்து, திருகல் நோயில் பாதியை இழந்து, மீதியை விலை இல்லாமல் விற்ற அனுபவம் உள்ளவன் பாங்க் நாற்காலியில் உட்கார்ந்தால், கடன் கேட்டு வருகிறவனை நிற்க வைத்துப் பேசமாட்டான். பயிர்க் காப்பீட்டுக்கு அறுவடைச் சோதனை எடுக்க வருகிற அலுவலர் ரோட்டோரம் நின்றபடி எண்ணை எழுதிக்கொண்டு போகமாட்டார். விவசாயத்துக்கு வருகிறவனோ கண்ணைத் திறந்துகொண்டு வருவான். சராசரியாக இரண்டு ஏக்கருக்கும் குறைவான நிலம் வைத்திருக்கிற மாநிலம் இது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் முக்கால் ஹெக்டேர். இவ்வளவு சின்ன நிலத்தில் பிழைக்க, தகப்பனைவிட மகனுக்கு இரண்டு மடங்கு அறிவு வேண்டும்.

ஆகவே சங்கம் கேட்பது இது. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் காலியாக உள்ள வேளாண் ஆசிரியர் இடங்களை நிரப்பு! மூடிய பிரிவுகளைத் திற! இடமும் தண்ணீரும் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் வேலி, தொட்டி, தோட்டக்காரர் சம்பளத்தோடு தோட்டம் போடு, விளைந்த காய் சத்துணவுக் கூடத்துக்கே போகட்டும்! ஏழு நாள் பயிற்சியை ஒரு பயிர்க்காலப் பயிற்சியாக ஆக்கு, பயிற்சிக் காலத்தில் கூலிக்குக் குறையாத உதவித் தொகை கொடு! பயிற்சி முடித்த இளைஞனுக்கும் பெண்ணுக்கும் பட்டா இல்லாவிட்டாலும், சாகுபடிச் சான்றை வைத்துக் கடன் கொடு! இவை அத்தனைக்கும் மேலே, விளைபொருளுக்குச் செலவோடு பாதி சேர்த்து விலை கொடு! அது இல்லாமல் மற்றதெல்லாம் கொடுத்தால், நஷ்டத்தை நன்றாகக் கணக்குப் போடத் தெரிந்த இளைஞர்கள் கிடைப்பார்கள், அவ்வளவுதான்.

அடுத்த கிராம சபைக்குக் கூட்டம் கூட்டமாக வாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இதில் எது முதலில் வருகிறதோ அதில் இந்தத் தீர்மானத்தை வைப்போம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், பெண் பிள்ளைகளை முக்கியமாக. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் இருக்கும் நம்ம ஊர்த் தாய்மார்கள் பள்ளியில் எத்தனை சென்ட் இடம் காலியாக இருக்கிறது, கிணறு இருக்கிறதா, விவசாய ஆசிரியர் இடம் எப்போதிலிருந்து காலி என்று முன்கூட்டியே எழுதிக் கொண்டு வாருங்கள். "பேசினோம், பதிவு செய்துகொள்கிறோம்" என்று சொன்னால் எழுந்து வராதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எண் போட்டு, கையெழுத்து வாங்கி, நகல் ஒன்றைச் சங்கத்தில் கொடுங்கள். அந்த நகல்களை எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் மாதாந்திரக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியர் முன்னால் போய் நிற்கப் போகிறோம்.